அங்கியும் ஸ்டோலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையினர். அண்மையில் கத்தோலிக்க உறவினர் வீட்டுத் திருமணத் திருப்பலிக்குச் சென்றிருந்தபோது, அங்கே பங்குச்சாமியார் வெள்ளை அங்கிக்கு மேல் போர்வை போன்ற அகன்ற உடுப்பு ஒன்றை அணிந்திருந்தார். எங்கள் ஐயரவர்களோ அங்கியும், தோளில் தொங்கவிடும் நீண்ட துணிப்பட்டையான ஸ்டோலும் மட்டுமே அணிகிறார். ஒரே வேதத்துக்கு ஏன் இருவேறு உடுப்பு?
(வாசகி, நாசரேத்)

பதில்: நீங்கள் பார்த்த அகன்ற உடுப்புக்கு லத்தீனில் 'காசுலா' என்று பெயர், 'சிறு வீடு' என்பது அதன் பொருள். தலை நுழைய நடுவில் ஒரு திறப்பு மட்டும் வைத்து, உடல் முழுவதையும் வீடு போல மூடிக்கொள்ளும் ரோமானியரின் வெளியாடை அது. அதற்குள் அணியும் நீண்ட வெள்ளை அங்கியும் அக்கால ரோமானியர் உடுத்திய சாதாரண உடைதான். பிற்காலத்தில் ஐரோப்பாவில் பொதுமக்கள் குட்டை உடைக்கு மாறியபோது குருமார் மட்டும் பழையதை விடாமல் வைத்துக்கொண்டதால், அன்றாட உடை திருவுடை ஆயிற்று. வருடம் முழுவதும் பேன்ட் சட்டையில் திரியும் நம்மூர் மாப்பிள்ளை தாலி கட்டும் நாளில் மட்டும் பட்டு வேட்டிக்குத் திரும்புவதை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும்.

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள் இந்த மேலுடையைத் திருப்பலிக் கோட்பாட்டின் அடையாளமாகக் கண்டு விலக்கினார்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் கறுப்பு அங்கியும் அதன்மேல் சர்ப்ளிஸ் என்ற தொளதொளத்த வெள்ளை மேலுடுப்பும் வழக்கில் நின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஒரு சாரார் பழைய உடைகளை மீட்க முயன்றபோது எழுந்த சண்டை நாடாளுமன்றம்வரை போய், 1874இல் வழிபாட்டு முறைகளைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. அதன் விளைவாகக் குருமார் சிலர் சிறைக்கும் போனார்கள். அதே காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் அந்தத் திருச்சபையின் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரு மிஷனரிச் சங்கங்கள் ஊழியம் செய்தன. உங்கள் நாசரேத்தும் இடையன்குடியும் எஸ்.பி.ஜி. சங்கத்தின் ஊர்கள், பாளையங்கோட்டையும் மெஞ்ஞானபுரமும் சி.எம்.எஸ். ஊர்கள். ஆடம்பர உடைக்கு முகம் சுளிப்பது சி.எம்.எஸ். மரபு. ஆயினும் 1877இல் கல்கத்தாவில் எஸ்.பி.ஜி.யின் கால்டுவெல்லும் சி.எம்.எஸ்.ஸின் சார்ஜென்ட்டும் ஒரே நாளில் பேராயர்களாக அபிஷேகம் பெற்றார்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்த இரு சங்கத்துச் சபையாரோடு மெதடிஸ்டுகள் முதலிய பிற சபையாரும் சேர்ந்தார்கள். இத்தனை மரபினரும் கூடும் இடத்தில் எளிய அங்கியும் ஸ்டோலும் நிலைத்ததில் வியப்பில்லை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் குருப்பட்டம் பெற்றபோது ஸ்டோலைக் குறுக்காக அணிந்திருந்தார். அடுத்த ஆண்டு இரு தோளிலும் தொங்கவிட்டார். எது சரி?
(வாசகர், சாயர்புரம்)

பதில்: இரண்டும் சரிதான். இடத்தோளிலிருந்து குறுக்காக வலப்பக்க இடுப்புக்கு வந்தால் அவர் உதவிக் குரு, கத்தோலிக்கரிடையே திருத்தொண்டர். இரு தோளிலும் நேராகத் தொங்கினால் முழுக் குருப்பட்டம் பெற்றவர். இடையில் உங்கள் தம்பிக்கு இரண்டாவது அபிஷேகம் நடந்திருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் குருமார் இந்த அங்கிக்குள் வியர்த்து வழிவதைக் காணப் பாவமாக இருக்கிறது. நம் மண்ணுக்கேற்ற உடை கூடாதா?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: சர்ப்ளிஸ் என்ற சொல்லுக்கே 'தோலாடைக்கு மேல் அணிவது' என்பதுதான் பொருள். வட ஐரோப்பாவின் குளிர்ந்த கோயில்களில் உரோமத்தோல் அங்கி உடுத்தி நின்ற குருமாருக்காக அதன்மேல் தொளதொளவென்று தைத்த உடுப்பு, தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்தது! வெப்ப நாடுகளில் கறுப்புக்குப் பதில் வெள்ளை அங்கி வழக்கமானது இதனால்தான்.

மண்ணுக்கேற்ற உடையும் புதிதன்று. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் (ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியக் குரு) காவி உடுத்தினார். கயத்தாறை அடுத்த காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரும் நம் நாட்டுத் துறவியர் கோலமே பூண்டார். கத்தோலிக்கத் திருச்சபையில் 1969இல் ரோமை ஒப்புதல் தந்த இந்திய முறைகளின்படி, பல அடுக்கு உடைகளுக்குப் பதிலாக ஒரே மேலங்கியும் அங்கவஸ்திரம் போன்ற சால்வையும் அணியலாம்.

உண்மையில் வாட்டுவது துணி. பாளையங்கோட்டையில் அங்கி தைக்கும் தையற்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஆசீர்வாதம் கூறும்போது கை உயரும், அக்குள் பிடிக்கக் கூடாது என்று கைகளை மேலே தூக்கச் சொல்லித்தான் அவர் அளவெடுக்கிறார். அவ்வளவு கருத்தாகத் தைப்பவரிடமும் பாலியெஸ்டர் கலந்த துணியே குவிந்து கிடந்தது. காரணம் கேட்டபோது, "இஸ்திரி போட வேண்டாம் என்று ஐயர்மாரே கேட்கிறார்கள்" என்றார். பருத்திக்குத் திரும்பினாலே பாதி வியர்வை குறையும்.

கேள்வி: கோயிலில் கிழிந்துபோன பூசை உடுப்புகளைப் பழைய துணிக்குப் போடலாமா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: கூடாது. மந்திரித்த உடுப்பை எரித்துச் சாம்பலை மண்ணில் புதைப்பதே மரபு. சரிகையை மட்டும் பிரித்தெடுத்துப் புது உடுப்பில் வைத்துத் தைக்கலாமே என்று தோன்றினால், முதலில் பங்குச்சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.