ஐலா விஸ்கியில் ஏன் இவ்வளவு புகை வாசனை? அந்த ஆலைகளை நேரில் பார்க்க முடியுமா?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஐலா தீவில் வடிப்பதுதான் ஐலா விஸ்கி. புகை வாசனைக்குக் காரணம் அந்தக் காலத்து அடுப்பெரிப்புதான்.

பார்லியை ஊறவைத்து முளைவிடச் செய்வார்கள். அப்புறம் சூட்டில் உலர்த்தி, முளை மேலும் வளராமல் நிறுத்த வேண்டும். தீவில் மரம் குறைவு, விறகுக்கு எங்கே போவது? ஆனால் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகொடிகள் அரைகுறையாக மக்கி இறுகிய பீட் ஏராளமாகக் கிடந்தது. அதை வெட்டிக் காயவைத்து எரித்தார்கள். அதன் புகையில் உள்ள பீனால்கள் என்ற மணமுள்ள வேதிப்பொருள்கள் ஈரத் தானியத்தில் ஒட்டிக்கொள்ளும். புளிக்கவைத்துச் செம்புக் கலத்தில் இருமுறை வடித்தாலும் வாசனை நிற்கும். விறகடுப்பில் காய்ச்சிய பாலில் புகைவாடை ஏறிவிட்டால், அதில் எந்தப் பாயசம் வைத்தாலும் வாடை தெரியும் அல்லவா, அப்படி.

சரி, பார்க்கப் போகலாமா? தாராளமாக. போர்ட் எலன் ஊரிலிருந்து லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் ஆகிய மூன்று ஆலைகளுக்கும் நடைபாதை இருக்கிறது. மூன்றுமே 1815, 1816 வாக்கில் தொடங்கியவை. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் போமோரைச் சொல்வேன். 1779 முதல் இயங்குவதாகச் சொல்லும் அந்த ஆலையில், ஒரு பங்கு பார்லியைத் தரையில் பரப்பி முளைக்கவைக்கும் பழைய முறை தொடர்கிறது.

கருக்கிய ஓக் பீப்பாயிலிருந்துதான் இந்தப் புகை வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பீப்பாய் தருவது நிறமும் வனிலா போன்ற இனிப்பும்தான். அதே ஐலாவில் புனஹாவன் ஆலை பெரும்பாலும் பீட் புகை காட்டாத பார்லியில்தான் வடிக்கிறது, அதனால் அந்த விஸ்கியில் புகை வாசனை தெரியாது.