வங்கியின் மதிப்பீடு உங்களுக்காகச் செய்யப்பட்டது அன்று

தம்பி, லண்டனில் இல்போர்ட் பக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட தொடர்வீடு ஒன்றுக்கு விலை பேசி, விற்பவரும் சம்மதித்து, வங்கியின் மதிப்பீடும் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேலும் சொந்தக் காசில் சேர்வே, அதாவது நிபுணர் ஒருவரைக் கொண்டு வீட்டின் நிலையை ஆராய்வது, செய்விக்கத்தான் வேண்டுமா, வேலையிடத்தில் உள்ள நம்மவர்கள் அதை வீண்செலவு என்கிறார்களே என்பது உங்கள் கேள்வி. வீட்டுக்கடனான மோர்ட்கேஜின் வட்டியை இரண்டு வருடத்துக்கு நிலைப்படுத்துவதா ஐந்து வருடத்துக்கா என்றும், அங்கே பள்ளிக்கூடங்கள் எப்படி என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். வட்டி எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டி அறிந்த எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அதை உங்கள் மோர்ட்கேஜ் தரகரோடு பேசிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடங்களுக்கு, அவற்றைப் பரிசோதிக்கும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட்டின் அறிக்கைகள் இருக்கின்றன. சேர்வேயைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் என் முதல் குளிர்காலத்தை, சேர்வே இல்லாமல் வாங்கப்பட்ட ஒரு வீட்டின் பின்னறையில்தான் கழித்தேன்.

முதலில், இந்தக் கொடுக்கல் வாங்கலில் யார் யாருக்காக வேலை செய்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். எஸ்டேட் ஏஜென்ட் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் அவருக்குக் கூலி கொடுப்பவர் விற்பவர். தரகருக்குக் கடன் கிடைத்தால் கமிஷன். உங்கள் சட்டத்தரணி உங்களுக்காகத்தான் உழைக்கிறார், ஆனால் அவர் பார்ப்பது கடதாசிகளை. அந்த வீட்டு வாசலை அவர் ஒருநாளும் மிதிக்கப்போவதில்லை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரோ, நீங்கள் தவணை கட்டத் தவறினால் வீட்டை விற்றுக் கடனை மீட்க முடியுமா என்ற ஒன்றைத்தான் வங்கிக்குச் சொல்கிறார். சிலவேளை தெருவில் நின்றே பார்த்துவிட்டுப் போவார். சிலவேளை வீட்டுப் பக்கமே வராமல், அயலில் விற்ற விலைகளைக் கணினியில் ஒப்பிட்டு முடித்துவிடுவார். அதற்கான கட்டணத்தை உங்களிடம் வாங்கியிருந்தாலும் அது உங்களுக்காகச் செய்யப்பட்ட வேலை அன்று. வீட்டை வீடாகப் பார்த்து, கண்டதை உங்களுக்கு மட்டும் சொல்லும் ஒரே ஆள், நீங்கள் அமர்த்தும் சேர்வேயர்தான்.

இதைச் சொன்னால், வங்கியின் ஆள் பிழைவிட்டால் வழக்குப் போடலாமே என்று சட்டம் பேசுவோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டது 1989இல், அப்போது இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வழங்கிய ஒரு தீர்ப்பு. கடன் கொடுத்த நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட மதிப்பீட்டை நம்பி ஒரு பெண் சாதாரணமான வீடொன்றை வாங்கினார். கீழே அறையில் புகைக்கூட்டைத் தாங்கி நின்ற சுவரை யாரோ முன்பே இடித்து அறையைப் பெருப்பித்திருந்தார்கள். அதற்கு மேலே கூரைக்குள் நின்ற புகைக்கூட்டின் செங்கல் பாரம் எதில் தங்கியிருக்கிறது என்பதை மதிப்பீட்டாளர் தேடிப் பார்க்கவில்லை. ஒன்றரை வருடத்தின் பின் அந்தச் செங்கற்கள் கூரையடியிலிருந்து படுக்கையறை முகட்டைப் பிளந்துகொண்டு கீழே வந்தன. சாதாரண வீடு வாங்குவோருக்கும் மதிப்பீட்டாளர் பொறுப்புக் கூற வேண்டியவரே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு மதிப்பீட்டைச் சேர்வேயாக மாற்றிவிடவில்லை. மதிப்பீட்டாளர் தனக்கு விதிக்கப்பட்ட சுருக்கமான பார்வையைக் கவனமாகப் பார்த்தாரா என்பதே இன்றைக்கும் கேள்வி. அந்தப் பார்வைக்குள் அடங்காத உளுத்த மரத்துக்கு அவர் பொறுப்பாளி அல்லர்.

உளுத்த மரம் என்றதும், முதல் குளிர்காலத்தைக் கழித்த அந்த ஈஸ்ட்ஹாம் பின்னறை நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்திறங்கிய எனக்கு, தூரத்து உறவினரான ஓர் அண்ணர் தன் வீட்டில் இடம் தந்தார். நல்ல மனிதர், வாடகையும் குறைவு. ஆனால் அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சணம் படர்ந்திருக்கும். நேர்முகத் தேர்வுக்கென்று வைத்திருந்த கோட்டின் முதுகிலும் அது ஏறியிருந்தது. ஜன்னலைத் திறக்காமல் சமைக்கிறோம், உடுப்பை உள்ளே காயப்போடுகிறோம் என்று எங்களைத்தான் குற்றம் சொல்வார். ஒருநாள் கட்டிலின் ஒரு கால் கம்பளத்தோடு சேர்ந்து தரைக்குள் இறங்கியது. பலகையைக் கிளப்பிப் பார்த்தபோது, சுவருக்குள் செருகியிருந்த விட்டத்தின் முனையைக் கையால் கிள்ளி எடுக்கக்கூடியதாக இருந்தது. சதுரம் சதுரமாக வெடித்து, தவிட்டு நிறத்தில் உதிர்ந்தது.

காரணம் வெளியே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடந்தது. இந்த நாட்டுப் பழைய வீடுகளில் நிலத்தளம் பெரும்பாலும் மரப்பலகை. அதன் கீழே வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குக் காற்று போக, வெளிச்சுவரின் அடியில் துளையிட்ட செங்கற்கள் பதித்திருப்பார்கள். அவற்றை ஒட்டிச் சுவருக்குள் ஈரத்தடுப்பு வரி ஒன்று ஓடும். வெளிநிலம் அந்த வரிக்குக் குறைந்தது 150 மில்லிமீற்றர் கீழே இருக்க வேண்டும். அண்ணரின் வீட்டிலோ முன்பிருந்த ஒருவர் பக்கவாட்டு நடைபாதையைச் சீமெந்து போட்டு உயர்த்தி, காற்றுத் துளைகளையும் மூடி, ஈரத்தடுப்பு வரிக்கு மேலேயே நிலத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஒரு சேர்வேயர் உள்ளே நுழைவதற்கு முன்பே பார்த்துக் குறித்திருக்கக்கூடிய விஷயம் இது. அண்ணர் வாங்கியபோது சேர்வே வேண்டாம் என்று சொன்னவர் அவருடைய மைத்துனர். தரை திருத்திய கணக்கு வந்தபோது அந்த மைத்துனர் வாயே திறக்கவில்லை. போதாக்குறைக்கு, ஈரலிப்பை இலவசமாகச் சோதிப்போம் என்று விளம்பரம் செய்த ஒருவர் வந்து, சுவரில் துளையிட்டு மருந்தேற்ற வேண்டுமென்று ஒரு பெரிய தொகை சொல்லிவிட்டுப் போனார். மருந்து விற்பவர் இலவசமாகச் செய்யும் சோதனை எந்த முடிவுக்கு வரும் என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

அந்த வீட்டுக்குப் பின்னர்தான், தெருவில் நடக்கும்போதெல்லாம் வீடுகளின் அடிச்சுவரையும் பீலியையும் பார்க்கிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. இங்கே பிறந்து வளர்ந்த என் அயலவர்கள் இன்றைக்கும் சுவர் நனைந்தால் என்னை அழைத்துக் காட்டுகிறார்கள் என்பதைச் சற்றுப் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் வீட்டின் நிலையைக் கண்டறிவது வாங்குபவரின் பொறுப்பு. நாம் கேட்ட கேள்விக்கு விற்பவர் பொய் சொல்லக் கூடாது. ஆனால் தான் அறியாத குறையைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. ஸ்கொட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், ஒருசில விலக்குகளைத் தவிர, விற்பவரே சேர்வே அடங்கிய அறிக்கையைத் தயாரித்துத்தான் வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். இங்கேயும் 2007இல் விற்பவர் தகவல் கட்டு ஒன்றைத் தர வேண்டுமென்று கொண்டுவந்தார்கள். அதில்கூட வீட்டின் நிலை பற்றிய அறிக்கையைக் கட்டாயமாக்காமல் விட்டு, 2010இல் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே சுமை உங்கள் தலையில்தான்.

அதற்கு ஈடாகச் சட்டம் தருவது ஓர் இடைவெளியை. விலைக்குச் சம்மதம் என்று விற்பவர் சொன்னதும் வாக்குக் கொடுத்தாயிற்று, இனிப் பின்வாங்குவது மரியாதையில்லை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இங்கே ஒப்பந்தம் கைமாறும் எக்ஸ்சேஞ்ச் நாள் வரைக்கும் இரு பக்கத்தையும் எதுவும் கட்டுப்படுத்தாது. அந்த நாளில் வழக்கமாக விலையின் 10 வீதத்தைக் கட்டுகிறோம். அதன்பின் விலகினால் அந்தப் பணம் போய்விடும். இன்னொருவர் கூடுதல் விலையோடு காத்திருக்கிறார் என்று ஏஜென்ட் அவசரப்படுத்துவதும் இந்த இடைவெளியைச் சுருக்கத்தான்.

எந்தச் சேர்வே என்பதற்கு வருகிறேன். ஆர்.ஐ.சி.எஸ். என்ற சேர்வேயர் நிறுவனம் 2021 மார்ச் முதல் மூன்று நிலைகளாக வகுத்திருக்கிறது. முதலாம் நிலை மேலோட்டமானது, உங்களுக்குப் பயன்படாது. இரண்டாம் நிலை, பழையவர்கள் ஹோம்பையர் ரிப்போர்ட் என்று சொல்வது, வழமையான முறையில் கட்டி நல்ல நிலையில் உள்ள வீடுகளுக்குப் போதும். மூன்றாம் நிலை கட்டடத்தை விரிவாகப் பார்த்து, குறை ஏன் வந்தது, எப்படித் திருத்துவது என்பதையும் எழுதும். உங்கள் வீடு நூறு வருடத்தைத் தாண்டியது, பின்னால் நீட்டிக் கட்டியிருக்கிறார்கள், கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடமான லொஃப்டையும் அறையாக்கியிருக்கிறார்கள் என்கிறீர்கள். ஆகவே மூன்றாம் நிலையைத் தவிர வேறொன்றையும் யோசிக்க வேண்டாம். வீட்டின் அளவைப் பொறுத்து ஆயிரம் பவுணைத் தாண்டலாம். குடிபூரலுக்கு மண்டபம் எடுத்து ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறவர்கள்தான் அந்த ஆயிரத்தை வீண்செலவு என்கிறார்கள். எனக்கு அது இன்றுவரை விளங்கியதில்லை.

ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், சிலருக்குக் கோபம் வந்தாலும் வரட்டும். கிழக்கு லண்டனிலும் ஹரோவிலும் நம்மவர்கள் கைமாற்றும் வீடுகளில், வாடகைக்கு அறை கூட்டுவதற்காக அவசரமாகக் கட்டிய நீட்சிகள் ஏராளம். புகைக்கூட்டைத் தாங்கும் சுவரை இடித்து அறையைப் பெருப்பிப்பது இன்றைக்கும் நடக்கிறது. 1989 தீர்ப்பில் வந்த அதே புகைக்கூடு இன்றும் பல கூரைகளுக்குள் தாங்குவாரின்றி நிற்கிறது. கவுன்சிலின் கட்டட ஒழுங்குவிதிப்படி முடித்ததற்கான சான்றிதழைக் கேட்டால், அது கைவசம் இல்லை, பதிலாக ஒரு காப்புறுதி எடுத்துத் தருகிறோம் என்று விற்பவரின் சட்டத்தரணி சொல்வார். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்துக்குத்தான் அந்தக் காப்புறுதி உதவும். மேலே போட்ட இரும்பு உத்தரம் பாரம் தாங்குமா என்பதற்கு அதில் ஒரு வரியும் இருக்காது. ஆகவே லொஃப்டையும் புகைக்கூட்டையும் பெயர் சொல்லியே பார்க்கும்படி சேர்வேயரிடம் முன்கூட்டி எழுதிக் கேளுங்கள்.

சேர்வேயருக்கும் எல்லைகள் உண்டு. அது அவருடைய வீடுமல்ல, உங்களுடைய வீடுமல்ல என்பதால் ஒட்டிய கம்பளத்தைக் கிழிக்கமாட்டார், பாரமான தளபாடத்தை நகர்த்தமாட்டார், 3 மீற்றர் ஏணிக்கு மேல் ஏறமாட்டார். மின்சார இணைப்பையும் கொதிகலனையும் கண்ணால் பார்ப்பாரே தவிரப் பரிசோதிக்கமாட்டார். அவர் சந்தேகம் எழுப்பினால் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் கழிவுக்குழாய்க்கும் அந்தந்தத் தொழில்காரரைத் தனியே அழைக்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் பயந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் 1, 2, 3 என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் இலக்கம் இருக்கும். நூறு வருட வீட்டில் சிவப்பு இல்லாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். மேலதிக ஆய்வு தேவை என்ற வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் வரும். அதில் பாதி, நாளைக்குத் தன்மேல் பழி வராமலிருக்கச் சேர்வேயர் எழுதுவது. ஆகவே வாசித்து முடித்ததும் அவரைத் தொலைபேசியில் அழைத்து, இவற்றில் எதற்காக இந்த வீட்டைக் கைவிடுவீர்கள் என்று நேராகக் கேளுங்கள். எழுத்தில் சொல்லத் தயங்குவதைப் பேச்சில் சொல்வார்கள். வெடிப்பு இருந்தால் அகலத்தைக் கேளுங்கள்: 5 மில்லிமீற்றருக்குள் என்றால் பெரும்பாலும் பூசி மறைக்கிற வேலை, அதைத் தாண்டி, கீழே ஒடுங்கி மேலே விரிந்து, வெளிச்சுவரிலும் அதே இடத்தில் தெரிந்தால் அத்திவாரத்தைப் பற்றிப் பேச வேண்டும். லண்டனின் களிமண் கோடையில் சுருங்கி மாரியில் பெருப்பது. பக்கத்தில் பெரிய மரம் நின்றால் இன்னும் மோசம். அப்படிப்பட்ட வீட்டுக்குக் காப்புறுதி கிடைப்பதும் சிரமம்.

என்னுடைய வீட்டை வாங்கியபோது சேர்வேயர் கூரையில்தான் குறையைப் பிடித்தார். பழைய சிலேட்டைக் கழற்றிவிட்டுப் பாரமான கொங்கிரீட் ஓட்டைப் போட்டிருந்தார்கள், உள்ளே மரங்களைப் பலப்படுத்தவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் கூரை நடுவில் வளைந்திருந்தது. திருத்துவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதை எழுத்தில் வாங்கி அனுப்பினேன். ஏஜென்ட் முதலில் என்னோடு பேசவே மறுத்தார். பிறகு விற்பவர் செலவில் பாதியை விலையில் கழித்தார். எனக்கு ஆங்கிலத்தில் வாதாடிப் பழக்கமில்லாத காலம் அது. ஆனால் அறிக்கையின் பக்க எண்ணைச் சொன்னால் போதுமாக இருந்தது.

சேர்வேயரை ஏஜென்ட் சிபாரிசு செய்தால் நன்றி சொல்லிவிட்டு, ஆர்.ஐ.சி.எஸ். இணையத்தளத்தில் நீங்களே தேடி, அந்தப் பகுதி வீடுகளில் பழக்கப்பட்ட ஒருவரைப் பிடியுங்கள். பார்வை முடியும் நேரத்துக்கு அங்கே போய் நில்லுங்கள். பெரும்பாலானவர்கள் குறைகளை நேரில் காட்டித் தருவார்கள். அறிக்கையின் பிரதியைச் சட்டத்தரணிக்கும் அனுப்பி, அதில் குறிப்பிட்ட ஜன்னல், லொஃப்ட், நீட்சி ஆகியவற்றின் சான்றிதழ்களை விற்பவரிடம் பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். இவை கைக்கு வரும்வரை எக்ஸ்சேஞ்ச் திகதி எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.