ஸ்ட்ராஸ்பர்க் ரயில்பாதையில் பயணிகள் சேவை நின்றதும் திரும்ப வந்ததும் எப்படி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள இந்தப் பாதையின் மொத்த நீளமே சுமார் 7 கிலோமீட்டர். 1832இல் அரசின் சாசனம் (ரயில்பாதை நடத்தும் அனுமதி) பெற்றது; தொடக்கத்தில் குதிரைகள்தான் பெட்டிகளை இழுத்தன. இதன் வேலை ஸ்ட்ராஸ்பர்க் ஊர்க்காரர்களை லீமன் பிளேஸ் சந்திப்பில் பெரிய பாதையோடு சேர்ப்பது. அங்கே இறங்கி வண்டி மாற வேண்டும். 1908இல் பக்கத்து நகரமான லங்காஸ்டரிலிருந்து டிராம் நேராக ஊருக்கே வந்ததும் அந்த அலைச்சல் யாருக்கு வேண்டும்? பயணிகள் கழன்றுகொண்டார்கள், சரக்கு மட்டும் மிஞ்சியது.

புயல் சேதத்துக்குப் பின் மூடவிருந்த பாதையை 1958இல் ஹென்றி லாங் தலைமையில் ரயில் ஆர்வலர்கள் வாங்கினார்கள். 1959 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் ஏறினார்கள். நீராவி இஞ்சின் வந்தது 1960இல்.

பழைய வரலாற்றின் தடம் தேடிப் போகிறவர்கள் வழக்கமாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்றைய நிலையக் கட்டடம் இந்தப் பாதைக்காகக் கட்டியதல்ல. ஈஸ்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. மரத்தாலான பயணிகள் பெட்டிகளும் பெரும்பாலும் வேறு கம்பெனிகளுடையவை. அசல் வரலாறு தண்டவாளம் போகும் வழியில்தான். லீமன் பிளேஸில் இஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடம் வழியாக மறுமுனையில் கோப்பதைத் தவறவிடாதீர்கள். இஞ்சினைச் சுழற்றித் திருப்பும் மேடை அங்கே இல்லாததால் ஒரு திசையில் இஞ்சின் பின்பக்கமாகவே ஓடும்.