எலும்பைப் பற்றி எதையும் கேளுங்கள்

நர்சிங் மாணவி: எலும்பு ஏன் கல்லைப் போல நொறுங்குவதில்லை சார்?

எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழை, கொஞ்சம் தண்ணீர். தாது நசுங்கவிடாது, கொலாஜன் பிளக்கவிடாது. கோழிக்கால் எலும்பை ஒரு வாரம் வினிகரில் போடுங்கள். தாது கரைந்து வளையும். இன்னொன்றை நெருப்பில் சுடுங்கள். கொலாஜன் எரிந்து, விரல் பட்டதும் பொடியாகும். கெட்டி எலும்பின் அலகு ஆஸ்டியான், குறுக்களவு சுமார் 0.2 மி.மீ. நடுக்கால்வாயில் ரத்தக்குழாய், சுற்றிலும் வட்ட அடுக்குகள். அடுத்தடுத்த அடுக்குகளில் கொலாஜன் இழைகள் திசை மாறி ஓடுவதால் விரிசல் நேராகப் பாய முடியாது. தேர்வில் இந்தக் கடைசி வரியைத்தான் எல்லாரும் விடுகிறார்கள்.

ரத்தத்தில் கால்சியம் 9.4. எலும்பு பலமா?

இதை வைத்துச் சொல்ல முடியாது. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில் இருக்கிறது. ரத்தத்தில் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைத்தாவது ஈடுகட்டிவிடும். எலும்பு தேயத் தேய ரிப்போர்ட் நார்மலாகவே வரும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளம் வயதினரோடு ஒப்பிட்டுத் தரும் எண், -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை.

பிரண்டை சாப்பிட்டால் முறிந்த எலும்பு இரண்டே வாரத்தில் ஒட்டும். மாவுக்கட்டு எதற்கு?

இரண்டு, மூன்று வாரத்தில் உருவாவது மென்மையான கேலஸ், அதாவது முறிவை இணைக்கும் திசு. பாரம் தாங்காது. அது எலும்பாக இறுகவே மேலும் பல வாரங்கள் ஆகும்.

அதே நபர்: எலியில் நிரூபித்திருக்கிறார்களே!

எலிக்குத் தானாகவே சில வாரங்களில் சேரும். பிரண்டை கொடுக்காத எலியைவிட எத்தனை நாள் முந்தியது என்று கேளுங்கள்.

இன்னொருவர்: பாட்டி வைத்தியம் என்றாலே உங்களுக்கு இளக்காரம்.

துவையலுக்கு நான் எதிரி இல்லை ஐயா. நார் உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரையுங்கள். இல்லாவிட்டால் ஆக்ஸலேட் ஊசிகள் நாக்கை அரிக்கும். என் சண்டை மாவுக்கட்டைத் தவிர்ப்பதோடுதான். விலகிய எலும்பு கோணலாகவும் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு உடைத்துத்தான் நிமிர்த்த வேண்டும். கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்தாலோ நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆட்டுக்கால் சூப்?

கால்சியம் சொற்பம். ருசிக்குக் குடியுங்கள், கால்சியத்துக்குக் கேழ்வரகு.

அம்மாவுக்குக் கால்சியம் 8.9, எலும்பு...

இரண்டாவது பதில்.

எனக்கு 10.1...

இரண்டாவது பதில்!

வைட்டமின் டி 60,000 யூனிட் தினமும் போடுகிறேன்.

உடனே நிறுத்துங்கள். அது வாரம் ஒன்று, அதுவும் மருத்துவர் சொன்ன வாரங்கள் வரைதான். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு. உங்களுக்குத்தான் ரத்தக் கால்சியம் பார்க்க வேண்டும், நாளைக்கே.