வயிறு பெருத்தது புட்டால் மட்டுமல்ல

அக்கா, 51 வயதில் மாதவிடாய் நின்றபின், வழக்கமான இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டுக்கே வயிறு பெருத்துக் கொலஸ்ட்ரோலும் ஏறிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்தால் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றில் சேரும். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். ஏறும். வயதோடு தசையும் கரைவதால் உடல் எரிக்கும் சக்தி குறைகிறது. தராசை விட அளவுநாடாவை நம்புங்கள்: நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை.

புட்டை ஒரு நீத்துப்பெட்டியாக்கி, முருங்கையிலை வறையைக் கூட்டுங்கள். (தேங்காய்ப்பூவைக் குறைக்கச் சொன்னால் என் அம்மாவே முறைப்பார்.) நல்லூர் வீதியில் நடப்பது நல்லது, தசைக்கு அது போதாது, கிணற்றில் அள்ளுவதையும் விடாதீர்கள். கிளினிக்கில் பிரஷர், சீனி பாருங்கள். திடீரென்று மூச்சு வாங்கி, தாடையோ முதுகோ வலித்து வியர்த்தால், அது மாரடைப்பாக இருக்கலாம்; வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள்.