கேரளா பக்கம் ஒரு பழைய மஸ்தா ஆர்எக்ஸ்-7 டர்போ கார் கம்மி விலைக்கு வருது, எடுக்கலாமா?

எடுக்கலாமுங்க, ஆனா "இருக்கற சேமிப்பு மொத்தமும் காருக்கே போயிடும், மத்ததெல்லாம் மெதுவா பண்ணிக்கலாம்"னு கேள்வியிலயே எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. இந்தக் காருக்கு வாங்கற விலை ஒரு பங்குன்னா இஞ்சின் ரீபில்டுக்கு, அதாவது மொத்தமா கழட்டி உள்பாகம் மாத்தி மாட்டறதுக்குத் தனியா காசு எடுத்து வச்சிருக்கணும், அது இல்லாம இறங்காதீங்க. நான் ஷார்ஜாவுல ஒரு கராஜ்ல இருந்தப்ப இந்தக் காருல இருக்கற ரோட்டரி இஞ்சின் கழட்டி மாட்டின ஆளு, இப்ப கொழிஞ்சாம்பாறையில இருக்கேன், அதனால பாலக்காடு பக்கமும் சரி பொள்ளாச்சி பக்கமும் சரி இந்த மாதிரி வண்டி வந்தா யாராவது கூப்பிட்டுருவாங்க.

கோயமுத்தூர் லேத்துக்காரங்க கிட்ட குடுத்தா எதையும் கடைஞ்சு குடுத்துருவாங்கன்னு நமக்கெல்லாம் ஒரு தைரியம் இருக்கு. சாதா இஞ்சின்னா போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஓட்டிரலாம். இதுல பிஸ்டனே கிடையாது, 654 சிசி கணக்குல ரெண்டு ரோட்டர், முக்கோணமா இருக்கும், மூணு முனையிலயும் அபெக்ஸ் சீல்னு ஒரு மெல்லிசான பட்டை, அதுதான் ரோட்டர் சுத்தற கூட்ட, அதாவது ஹவுசிங்க உரசிக்கிட்டே கம்ப்ரஷன, உள்ள அமுங்கற காத்தோட அழுத்தத்த, புடிச்சு நிறுத்துது. ஹவுசிங் உள்பக்கம் குரோம் பூச்சு, அது உரிஞ்சு போச்சுன்னா கடையறதுக்கு ஒண்ணும் இல்ல, ஹவுசிங்கையே மாத்தணும், அதுவும் வெளிநாட்டுல இருந்துதான் வரணும். டர்போ வண்டியில நாக்கிங், அதாவது உள்ள பெட்ரோல் தாறுமாறா வெடிக்கறது, ஒரு தடவை பலமா வந்தாலே சீல் உடையும், அந்தத் துண்டு வெளிய போறப்ப டர்போவையும் சேத்து கெடுத்துட்டுப் போகும். அதனால ஆக்டேன் கம்மியான பெட்ரோல ஊத்திட்டு பூஸ்ட, அதாவது டர்போ தள்ளற காத்தோட அழுத்தத்த, ஏத்தி விளையாடற வேலையே வேண்டாம்.

திருச்சூர் பக்கம் ஒருத்தர் ஷெட்ல நிக்கற எஃப்டி ஒண்ண, அதாவது ஆர்எக்ஸ்-7லயே கடைசியா வந்த மாடல, பாக்கப் போனோம். பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பானெட்ல கை வச்சா சூடு, நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க. "ஒந்நும் பேடிக்கண்டா சேட்டா, எஞ்சின் சூப்பராணு"ன்னாரு, ஒண்ணும் பயப்படாதீங்கன்னு அர்த்தம். சரின்னு பெட்ரோலையும் இக்னிஷனையும் கட் பண்ணி, ஒரு ரோட்டருக்கு ரெண்டு பிளக்குல ஒண்ண மட்டும் கழட்டி, சாதா கம்ப்ரஷன் கேஜோட வால்வ அமுக்கிப் புடிச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு கிராங்க் பண்ணச் சொன்னேன். முன் ரோட்டர்ல மூணு பக்கத்துக்கும் ஒண்ணா முள்ளு மூணு தடவையும் ஒரே உயரத்துக்குக் குதிச்சுது. பின் ரோட்டர்ல ரெண்டு நல்லா குதிச்சு மூணாவது சும்மா அசைஞ்சுட்டு நின்னுருச்சு. அவ்வளவுதான், அந்தப் பக்கம் கம்ப்ரஷன் இல்ல, உள்ள ஏதோ ஒரு சீல் காலி. வால்வ அமுக்காம சாதாரணமா பாத்திருந்தா மூணுல எது அதிகமோ அதத்தான் கேஜ் காட்டும், நல்ல இஞ்சின்னு நம்பி வந்திருப்போம். ரோட்டரிக்குன்னே தனி டெஸ்டர் இருக்கு, கிடைச்சா அதுலயே பாருங்க, 100 பிஎஸ்ஐக்குக் கீழ வந்தா ரீபில்டு செலவ விலையில கழிச்சுத்தான் பேசணும்.

அப்பறம் நல்லா சூடாகற வரைக்கும் ஓட்டிட்டு ஆஃப் பண்ணி, ஒரு டீ குடிச்சுட்டு வந்து ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே புடிக்காம இழுத்துச்சுன்னா கம்ப்ரஷன் வீக்குன்னு அர்த்தம். வெள்ளைப் புகை, கூலண்ட் குறையறது, ரேடியேட்டர்ல குமிழி இதெல்லாம் உள்ள இருக்கற கூலண்ட் சீல் போனதுக்கு அடையாளம், நம்ம ஊரு சித்திரை வெயில்ல அது ரொம்ப நாள் தாங்காது. எஃப்டியில ரெண்டு டர்போவும் ஒண்ணு பின்னால ஒண்ணா வேலை செய்யும், பூஸ்ட் 10 பிஎஸ்ஐ காட்டி 4500 ஆர்பிஎம் கிட்ட 8க்கு எறங்கி மறுபடி 10க்கு ஏறணும், ஏறலைன்னா சூட்டுல காஞ்சு வெடிச்ச வேக்கம் ஹோஸ்ல இருந்து தேட ஆரம்பிக்கணும். இஞ்சின் ஆயில் குறையறத மட்டும் குத்தமா சொல்லாதீங்க, சீலுக்கு வழுக்கலுக்காக பம்ப்பே கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடும், அது அப்படித்தான். மைலேஜ் லிட்டருக்கு 6, 7 வந்தா சந்தோஷப்பட்டுக்கோங்க.

இதெல்லாம் நல்லா இருந்தாலும் பேப்பர் சரியில்லைன்னா ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. மஸ்தா கம்பெனி இந்தியாவுல இந்தக் கார வித்ததே கிடையாது. பழைய கார் இறக்குமதி பண்ணணும்னா தயாரிச்சு 3 வருஷத்துக்குள்ள இருக்கணும், வலது பக்க ஸ்டியரிங்கா இருக்கணும், இதுதான் பொதுவான ரூல். எஃப்டி தயாரிப்பு 2002லயே நின்னு போச்சு. அப்ப "2014ல ஜப்பான்ல இருந்து எறக்கினது"ன்னு ஒருத்தர் சொன்னா நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. கல்ஃப்ல இருந்து கார்னெட்ல, அதாவது வரி கட்டாம தற்காலிகமா கொண்டு வர்ற பேப்பர்ல, வந்த வண்டின்னா திருப்பி அனுப்பியே ஆகணும், விக்கவே கூடாது. 2025 செப்டம்பர்ல கேரளாவுல கஸ்டம்ஸ் 'ஆபரேஷன் நும்கோர்'னு பேர் வச்சு, பூட்டான் வழியா கடத்தி வந்ததுன்னு சொல்லி வண்டிகள தூக்கிட்டுப் போனத பாத்திருப்பீங்க, வாங்கினவங்கதான் பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு. பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதி பண்ணப்ப கஸ்டம்ஸ்ல தாக்கல் பண்ண பேப்பர் கேளுங்க, அதுல இருக்கற சேஸிஸ் நம்பரும் ஆர்சியும் வண்டியில குத்தின நம்பரும் ஒண்ணா இருக்கான்னு நீங்களே டார்ச் அடிச்சுப் பாருங்க, ஜப்பான் எஃப்டின்னா நம்பர் எஃப்டி3எஸ்னு ஆரம்பிக்கும். வாளையார் தாண்டி தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தா கேரளா ஆர்டிஓ கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு என்ஓசி, தமிழ்நாட்டுல டேக்ஸ், போதாததுக்கு 20 வருஷம் தாண்டின இம்போர்ட்டட் காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கறதுக்கு 2025ல 80,000 ரூவா ஆக்கிட்டாங்க.

இன்னொண்ணு, ஆர்எக்ஸ்-8ஐ டர்போன்னு சொல்லி விக்கறாங்க, கம்பெனி மாடல்ல அதுக்கு டர்போவே கிடையாது. நீங்க பாத்திருக்கறது எதுன்னு தெரியல, சேஸிஸ் நம்பரோட முதல் எழுத்துகள மட்டும் கமெண்ட்ல போடுங்க, முழு நம்பர் வேண்டாம். பாக்கப் போறப்ப காலையில இஞ்சின ஸ்டார்ட் பண்ணாம வைக்கச் சொல்லிட்டுப் போங்க, ஆறின இஞ்சின் எப்படிப் புடிக்குதுன்னு நீங்களே பாக்கணும்.