கடவுச்சொல்லைக் காக்கும் பொறுப்பு யாருடையது?

கேள்வி: நான் உருவாக்கும் இணையதளத்தில் பயனர் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டாம் என்று, கடவுச்சொல்லை 'பேஸ் 64' முறையில் மாற்றி உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் (தளத்தில் ஓடும் நிரல்கள் படிக்கக்கூடிய சேமிப்பிடம்) சேமிக்கிறேன். இது போதுமா? மேலும், கிரெடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஏபிஐயை (உலாவி சேமித்த நுழைவு விவரங்களைத் தளம் கேட்டுப் பெற உதவும் இடைமுகம்) சேர்த்த பிறகு, 'வெளியேறு' பொத்தானை அழுத்தியவர் மறுநொடியே தானாக உள்ளே வந்துவிடுகிறாரே, ஏன்?

பதில்: போதாது, கடவுச்சொல்லைச் சேமிக்கும் அந்த நிரல் வரியை இன்றே நீக்கிவிடுங்கள். பேஸ் 64 வெறும் எழுத்துவடிவ மாற்றம். அது, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி செய்யும் மறையாக்கம் அன்று. உங்கள் தளத்தைத் திறந்து, எஃப் 12 விசையை அழுத்தி, உலாவியின் கட்டளைச் சாளரமான கன்சோலில் அதைத் திருப்பும் ஒற்றைக் கட்டளையை இட்டுப் பாருங்கள். கடவுச்சொல் அப்படியே திரையில் வந்து நிற்கும். உங்களால் முடிந்த இது, விளம்பரத்துக்காகவோ வருகைக் கணக்குக்காகவோ நீங்கள் சேர்த்த வெளி நிரலாலும், பிழையான ஒரு படிவத்தின் வழியே யாரோ நுழைத்துவிட்ட இரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட்டாலும் முடியும். உண்மையான மறையாக்கமே செய்தாலும், அதைத் திறக்கும் சாவி அதே பக்கத்தில் கிடந்தால் பயனில்லை. பலர் ஒரே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பதால், இழப்பு உங்கள் தளத்தோடு நிற்காது என்பதே எனக்குப் பெரிய கவலை.

கடவுச்சொல்லை நினைவில் வைப்பதை உலாவியின் கடவுச்சொல் பெட்டகத்திடமே விட்டுவிடுங்கள். படிவத்தில், எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று உலாவிக்குச் சொல்லும் ஆட்டோகம்ப்ளீட் பண்பைச் சரியாகக் குறிப்பதே உங்கள் வேலை: பெயருக்கு 'யூசர்நேம்', நுழைவுக்கு 'கரண்ட்-பாஸ்வேர்ட்', மாற்றும்போது 'நியூ-பாஸ்வேர்ட்'. கடைசி இரண்டும் இடம் மாறினால், புதிய சொல்லுக்கான கட்டத்தில் உலாவி பழையதை நிரப்பிவிடக்கூடும்.

பயனர் உள்ளேயே இருக்க, நுழைந்தவரை அடையாளம் காட்ட சர்வர் தரும் ஊகிக்க முடியாத அமர்வு எண்ணை 'எச்டிடிபிஒன்லி', 'செக்யூர்', 'சேம்சைட்' குறிகளுடன் குக்கியில் (உலாவி வைத்திருந்து கோரிக்கைகளோடு சர்வருக்கு அனுப்பும் சிறு தரவு) வையுங்கள். முதல் குறி இருப்பதால் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்க முடியாது. நுழைந்துவிட்ட தீய நிரல் பயனரின் பெயரால் கோரிக்கை அனுப்புவதை இது தடுக்காதுதான். ஆனாலும் குக்கியில் கடவுச்சொல் இல்லாததால் அங்கிருந்து அது பறிபோகாது, அமர்வைச் சர்வரிலேயே ரத்து செய்துவிடலாம்.

இரண்டாவது சிக்கலுக்கு வருவோம். பயனர் தானியங்கி நுழைவை அனுமதித்து, ஒரே ஒரு கணக்கைச் சேமித்திருந்தால், அந்த ஏபிஐயின் 'கெட்' அழைப்பு அவரைக் கேட்காமலே அதை எடுத்துத் தரும். வெளியேறியதும் திறக்கும் பக்கத்தில் அந்த அழைப்பு மீண்டும் ஓடுவதால்தான் அவர் உள்ளே வந்துவிடுகிறார். ஆகவே, வெளியேறும்போது 'பிரிவென்ட்சைலண்ட்ஆக்சஸ்' என்ற செயற்கூற்றை அழையுங்கள். அது பிராமிஸ் (வேலை பிறகு முடியும் என்பதைக் குறிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பொருள்) தருவதால், முடியும்வரை காத்திருந்து பிறகே அடுத்த பக்கத்துக்கு மாற்றுங்கள். சேமித்த கணக்கு அழியாது; அடுத்த முறை பயனரின் ஒப்புதல் கேட்கப்படும், அவ்வளவே.

கிரெடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஏபிஐயின் கடவுச்சொல் பகுதி குரோம், எட்ஜ் போன்ற, குரோமியம் வழி வந்த உலாவிகளில்தான் இயங்குகிறது. ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் இல்லை. அந்த வசதி இருக்கிறதா என்று நிரலில் முதலில் சோதியுங்கள். இல்லாத இடத்தில் சாதாரணப் படிவமே முழுமையாக வேலை செய்ய வேண்டும்.